வெளிச்சம் வரட்டும், வெயில் வேண்டாம்!

தெற்கே கண்ணாடி மாளிகை. வடக்கே நிலக்கரிச் சாம்பல்! இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சென்னையின் தென்கோடியில் கண்ணாடி மாளிகைகள் பளபளக்கின்றன. வடகோடியில் புகைபோக்கிகள் புகைகின்றன.

பழைய மகாபலிபுரம் சாலையில் நிற்கும் ஒரு பத்து மாடிக் கட்டிடத்துக்கும், மணலி புதுநகரில் துணி காயப்போடும் ஒரு குடும்பத் தலைவிக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் இருக்கிறது. அந்தச் சம்பந்தத்தின் பெயர் மின்சாரம்.

கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் உள்ளே நுழைகிறது. அறை சூடாகிறது. சூட்டை வெளியே தள்ள ஏ.சி. யந்திரம் ஓடுகிறது. யந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு நிலக்கரி எரிய வேண்டும். நிலக்கரி எரிந்தால் சாம்பல் மிஞ்சும்.

அந்தச் சாம்பல் எங்கே போகிறது? வடசென்னைக்குத்தான்!

இந்தச் சங்கிலியை நடுவில் அறுக்க முடியுமா? "முடியும், கண்ணாடியிலேயே அறுக்கலாம்" என்கிறார்கள் விஞ்ஞானிகள். அது எவ்வளவு தூரம் உண்மை? யாருக்கு லாபம்? சாதாரணக் குடும்பத்துக்கு அதனால் என்ன பயன்?

புகைக்கு நடுவே ஓர் ஊர்

மணலி புதுநகர், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்டமிட்டு உருவாக்கிய ஊர். தெருக்கள் நேர்கோடு போட்டது போல் இருக்கும். அய்யா வைகுண்டர் கோவில் இங்கே பிரசித்தம். பக்கத்தில் கொசஸ்தலை ஆறு ஓடுகிறது.

ஊரைச் சுற்றிலும் தொழிற்சாலைகள். மணலியில் 1969-ம் ஆண்டில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. எண்ணூரில் 1970-ம் ஆண்டில் அனல்மின் நிலையம் வந்தது. அது 2017-ம் ஆண்டில் மூடப்பட்டு விட்டது. ஆனால் அதைவிடப் பெரிய நிலையங்கள் அதற்குள் வந்து விட்டன.

அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ம் ஆண்டு முதல் ஓடுகிறது. முதல் பகுதி 630 மெகாவாட். இரண்டாவது பகுதி 1,200 மெகாவாட். 800 மெகாவாட் மூன்றாவது பகுதி 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் ஒன்று தனியாக இருக்கிறது.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 கிலோ கரி எரிந்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பல் தண்ணீரில் கரைக்கப்பட்டு, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் ஒழுகினால் கழிமுகத்தில் கலக்கிறது. எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துக் குரல் கொடுத்து வருகிறார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

2009-ம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தியாவில் மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியல் போட்டது. மணலியின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது.

ஆகவே, சென்னையில் வீணாகும் ஒவ்வொரு யூனிட் மின்சாரமும் மணலிக்கு ஒரு குடும்ப விவகாரம்!

மூடிய கார் ஏன் கொதிக்கிறது?

வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தால் குபீர் என்று அனல் அடிக்கும். வெளியே இருப்பதைவிட உள்ளே சூடு அதிகம். காரணம் என்ன?

சூரியனிடம் இருந்து வருவது வெளிச்சம் மட்டும் அல்ல. சூரிய சக்தியில் ஏறக்குறைய பாதிதான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். மீதியில் பெரும் பகுதி கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர். அகச்சிவப்புக் கதிர் என்று அதற்குப் பெயர்.

சாதாரணக் கண்ணாடி இந்த இரண்டையும் உள்ளே விட்டு விடும். உள்ளே வந்த கதிர் மேஜை மீதும் நாற்காலி மீதும் விழுகிறது. அவை சூடாகின்றன. சூடான மேஜை தன் சூட்டை வேறு வகைக் கதிராக வெளியே விடுகிறது. அந்தக் கதிரைக் கண்ணாடி வெளியே போக விடாது!

உள்ளே வர வழி உண்டு. வெளியே போக வழி இல்லை. எலிப்பொறிக் கதைதான்.

குளிர் தேசத்தில் இது வரப்பிரசாதம். கொஞ்சம் வெயில் கிடைத்தாலும் வீடு கதகதப்பாகி விடும். அங்கே பிறந்த பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து, கத்திரி வெயில் கொளுத்தும் சென்னையில் நட்டு வைத்தால்?

லண்டன் மாநகரிலேயே ஒரு விபரீதம் நடந்தது. அங்கே "வாக்கி டாக்கி" என்று மக்கள் பெயர் வைத்த கட்டிடம் ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடி முகப்பு உள்பக்கமாக வளைந்தது. 2013-ம் ஆண்டில் அந்த முகப்பு, பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்துத் தெருவில் பாய்ச்சியது. தெருவில் நின்ற விலை உயர்ந்த கார் ஒன்றின் பாகங்கள் உருகி நெளிந்து விட்டன! மறு ஆண்டு முகப்பில் வெயில் தடுப்புகள் பொருத்தினார்கள். அதன் பிறகே தொல்லை தீர்ந்தது.

லண்டன் வெயிலுக்கே அந்தக் கதி!

தகரக் குளத்தில் மிதக்கும் கண்ணாடி

கண்ணாடி எப்படித் தயாராகிறது?

மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் – இவைதான் முக்கியச் சரக்கு. இவற்றை உலையில் போட்டு 1,500 டிகிரிக்கு மேல் காய்ச்சுவார்கள். பாகு தயாராகும்.

அந்தப் பாகை மேடு பள்ளம் இல்லாத தகடாக ஆக்குவது முன்பு பெரும் பாடு. உருளையில் தேய்த்து, பிறகு இரு பக்கமும் மெருகேற்ற வேண்டும். பிரிட்டனில் பில்கிங்டன் கம்பெனியைச் சேர்ந்த அலஸ்டர் பில்கிங்டன் ஒரு புது வழி கண்டுபிடித்தார். 1959-ம் ஆண்டில் அது உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது.

உருகிய வெள்ளீயக் குளத்தின் மீது கண்ணாடிப் பாகை ஊற்றுவதுதான் அந்த வழி. தண்ணீர் மீது எண்ணெய் பரவுவது போல, பாகு தானாகப் பரவி மிதக்கும். ஆறியதும் இரு பக்கமும் வழவழ என்று இருக்கும். தேய்க்கும் வேலையே இல்லை. இன்று உலகத்தின் ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

இந்தத் தொழில் சென்னைக்கும் வந்தது. பிரான்சு நாட்டின் செயின்ட் கோபேன் கம்பெனி ஸ்ரீபெரும்புதூரில் ஆலை அமைத்து, 2000-ம் ஆண்டில் கண்ணாடி தயாரிக்கத் தொடங்கியது. இது 1665-ம் ஆண்டில், பதினான்காம் லூயி மன்னன் காலத்தில் ஆரம்பித்த கம்பெனி. வெர்சேல்ஸ் அரண்மனையின் புகழ்பெற்ற கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணாடி கொடுத்தது இதுதான். இதன் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இருக்கிறது.

வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி இப்போது ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகிறது.

வெள்ளிக் கவசம்

வெப்பத்தைத் தடுக்க முதலில் என்ன செய்தார்கள்? கண்ணாடிக்குக் கறுப்பு, பச்சை, நீலம் என்று சாயம் ஏற்றினார்கள்.

சாயக் கண்ணாடி வெயிலை உறிஞ்சும். ஆனால் உறிஞ்சிய சூட்டில் ஒரு பகுதியை அறைக்குள்ளேயே கக்கும். வெளிச்சமும் குறையும். பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டி வரும். ஒரு கையால் மிச்சம். மறு கையால் செலவு!

அடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் கண்ணாடி வந்தது. அது வெயிலைத் திருப்பி அடிக்கும். ஆனால் எதிர்வீட்டுக்காரர் தலையில் அடிக்கும்!

பிறகுதான் விஞ்ஞானிகள் வெள்ளியைப் பிடித்தார்கள்.

வெள்ளிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. மிக மிக மெல்லிய படலமாகப் பூசினால், அது வெளிச்சத்தை உள்ளே விடும். வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பி விடும். வாசலில் நின்று, வேண்டியவரை உள்ளே விட்டு வேண்டாதவரை விரட்டும் காவல்காரன் மாதிரி!

எவ்வளவு மெல்லிய படலம்? சுமார் 10 முதல் 15 நானோ மீட்டர். தலைமுடி ஒன்றை நெட்டு வாக்கில் ஐயாயிரம் இழைகளாக வகிர்ந்தால் ஓர் இழை எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு!

இதைத் தூரிகையால் பூச முடியுமா? முடியாது. காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்த அறைக்குள் கண்ணாடியை அனுப்புகிறார்கள். உள்ளே ஒரு வெள்ளித் தகடு இருக்கும். ஆர்கான் என்ற வாயுவின் துகள்கள் மின்சக்தியால் விரட்டப்பட்டு அந்தத் தகட்டில் மோதும். கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் அடித்ததும் காய்கள் சிதறுகிற மாதிரி, வெள்ளி அணுக்கள் சிதறும். சிதறிய அணுக்கள் கண்ணாடியில் போய் ஒட்டிக் கொள்ளும். வடசென்னைப் பையன்களுக்கு இந்த வித்தையை விளக்கவே வேண்டாம்!

ஆனால் வெள்ளிக்கு ஒரு பலவீனம். காற்றுப் பட்டால் கறுத்துவிடும். கடற்கரை ஊரின் உப்புக் காற்று என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் உயர்ந்த ரகத்தில் இரண்டு கண்ணாடிகளைச் சற்று இடைவெளி விட்டுச் சேர்த்து, ஓரத்தைக் காற்றுப் புகாமல் அடைத்து விடுகிறார்கள். வெள்ளிப் பூச்சு இரண்டுக்கும் நடுவில் பத்திரமாக இருக்கும். ஓரத்துச் சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போட்டிருப்பார்கள்.

ஓரத்து அடைப்பு விட்டுப் போனால், நடுவில் ஈரம் புகும். கண்ணாடி பனி மூடியது போல ஆகிவிடும். பிறகு துடைக்கவும் முடியாது. பழுது பார்க்கவும் முடியாது. மாற்ற வேண்டியதுதான்.

ஒரு ஜன்னல் – ஒரு கணக்கு

10 அடிக்கு 10 அடி கண்ணாடி ஒன்று மேற்குப் பார்த்து இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நல்ல வெயில் நாள், மாலை நேரம். அந்தக் கண்ணாடி மீது சுமார் 5,500 வாட் சூடு விழும்.

சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை, சுமார் 4,500 வாட்டை, உள்ளே விட்டு விடும். நல்ல வெப்பத் தடுப்புக் கண்ணாடி கால் பங்கை, சுமார் 1,400 வாட்டை மட்டுமே விடும். வித்தியாசம் 3,000 வாட்டுக்கு மேல்.

அதாவது, மூன்று இஸ்திரிப் பெட்டிகளை அறைக்குள் எரிய விட்ட மாதிரி! இதை வெளியேற்ற ஏறக்குறைய ஒரு டன் ஏ.சி. முழு மூச்சாக ஓட வேண்டும். மணிக்கு ஒரு யூனிட் வீதம் மூன்று மணி நேரத்துக்கு மூன்று யூனிட். ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரி தேவை. ஆக, மொத்தம் இரண்டு கிலோ கரி. சுமார் 700 கிராம் சாம்பல்.

இது ஒரு ஜன்னலுக்கு ஒரு மாலை! பெரிய கட்டிடத்தில் மேற்குப் பக்கம் மட்டும் 10,000 சதுர அடி கண்ணாடி இருந்தால், ஒரு மாலைக்கு 300 யூனிட். 200 கிலோ கரி. 70 கிலோ சாம்பல்.

மின்சாரம் எல்லாம் ஒரே கம்பி வலையில் கலந்து வருகிறது. காற்றாலை மின்சாரமும் சூரிய மின்சாரமும் அதில் உண்டு. எந்த யூனிட் எங்கே பிறந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் ஏ.சி. போடும்போது அனல்மின் நிலையங்கள் மூச்சு முட்ட ஓடவேண்டி இருக்கிறது. 2024-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அன்று எந்தக் கட்டிடம் மிச்சம் பிடித்தாலும் அது எல்லாருக்கும் மிச்சம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2001-ம் ஆண்டில் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. அதன் அடிப்படையில் பெரிய வணிகக் கட்டிடங்களுக்கு 2007-ம் ஆண்டில் விதிகள் வெளியாயின. 2017-ம் ஆண்டில் அவை கடுமையாக்கப்பட்டன.

சுவரில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி கூடாது என்று 2017-ம் ஆண்டு விதிகள் கூறின. சென்னை போன்ற வெப்பமும் புழுக்கமும் நிறைந்த ஊர்களில், வடக்கு தவிர்த்த மற்றத் திசைகளில், கண்ணாடி விடும் சூடு 27 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் கூறின. 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி வைத்தால், மொத்தக் கட்டிடத்தின் மின்செலவையும் கணக்குப் போட்டு, அது வரம்புக்குள் இருப்பதாக நிரூபிக்க வேண்டும்.

வீடுகளுக்கு 2018-ம் ஆண்டில் "எக்கோ நிவாஸ் சம்ஹிதா" என்ற தனி விதிகள் வந்தன.

ஆனால் மத்திய அரசு விதி எழுதினால் மட்டும் போதாது. மாநிலங்கள் அதை ஏற்று அறிவிக்க வேண்டும். உள்ளாட்சி அதிகாரிகள் வரைபடத்தைச் சரிபார்க்க வேண்டும். கட்டிடம் எழுந்த பிறகு, சொன்ன கண்ணாடிதான் மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நல்ல முன்மாதிரியும் உண்டு. ஐதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் பசுமை மையம் ஒன்று இருக்கிறது. 2004-ம் ஆண்டில் அன்றைய ஜனாதிபதி அப்துல் கலாம் அதைத் திறந்து வைத்தார். வெளிச்சத்தை விட்டு வெப்பத்தைத் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி, நடுவில் முற்றம், சுவரில் காற்றோட்டமான ஜாலி என்று எல்லாவற்றையும் கலந்து கட்டியிருக்கிறார்கள். கண்ணாடியை மட்டும் நம்பவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

நிறம் மாறும் ஜன்னல்!

இதற்கு மேலும் விசித்திரங்கள் வந்து கொண்டிருக்கின்றன.

பித்தானை அமுக்கினால் கறுக்கும் கண்ணாடி ஒன்று உண்டு. லேசான மின்சாரம் பாய்ந்ததும் அது நிறம் மாறும். போயிங் 787 ரக ஆகாய விமானத்தில் ஜன்னல் திரையே கிடையாது. இந்த வகைக் கண்ணாடிதான் இருக்கிறது. வெயில் ஏறினால் தானாக வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடிக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. வெந்நீர் பிளாஸ்க்கைப் போல நடுவில் காற்றே இல்லாத கண்ணாடியை ஜப்பானியர் 1990-களிலேயே விற்பனைக்குக் கொண்டு வந்து விட்டார்கள். மின்சாரம் தயாரிக்கும் கண்ணாடிச் சுவரும் வந்திருக்கிறது.

எல்லாம் அதிசயம்தான். விலையும் அதிசயம்தான்!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கண்ணாடி ஆலைக்கும் எரிபொருள் வேண்டும். உலையை ஒரு தடவை பற்ற வைத்தால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இரவு பகலாக எரிந்து கொண்டே இருக்கும். உடைந்த கண்ணாடியைச் சேர்த்து உருக்கினால் எரிபொருள் குறையும். தேவைக்கு மேல் கண்ணாடி வைத்துக் கட்டாமல் இருந்தால் இன்னும் குறையும்!

நம் வீட்டுக்கு வேண்டுமா?

மணலி புதுநகரில் மாடி கட்டும் ஒரு குடும்பம், "வெயில் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?" என்று யோசிக்கிறது. என்ன பதில்?

ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறி போட்டு வாழும் வீட்டுக்கு இந்தக் கண்ணாடியால் பெரிய லாபம் இல்லை. திறந்த ஜன்னலில் கண்ணாடி என்ன வேலை செய்யும்? மூடிய அறையில், ஏ.சி. ஓடும் இடத்தில்தான் அது காசுக்கு வேலை செய்யும். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த பெரிய ஜன்னலாக இருந்தால் பலன் அதிகம்.

வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கறுப்பாக இருப்பதெல்லாம் வெப்பத் தடுப்புக் கண்ணாடி அல்ல. கடையில் கேட்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அதற்கு "எஸ்.எச்.ஜி.சி." என்று பெயர். சாதாரணக் கண்ணாடியில் அது 0.8-க்குப் பக்கத்தில் இருக்கும். நல்ல தடுப்புக் கண்ணாடியில் 0.3-க்குக் கீழே இருக்கும். எண்ணைச் சொல்லத் தெரியாத கடையில் விலையைக் கேட்க வேண்டியதில்லை!

மற்றவர்களுக்குச் செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன. தெற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு போதும். மேற்கு வெயில் சாய்வாக வருவதால் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து விடும். அங்கே மூங்கில் தட்டியோ, வேப்ப மரமோ வேண்டும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம். உள்ளே திரை போடுவது, திருடன் வீட்டுக்குள் வந்த பிறகு கதவைச் சாத்துவது போல!

ஒற்றை மாடி வீட்டில் ஜன்னலைவிடக் கூரைதான் பெரிய எதிரி. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு மாதத்திலும் சென்னையில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும் பகுதி திரும்பிப் போய்விடும். பாட்டன் காலத்து வழிதான். இன்றைக்கும் பலிக்கிறது.

திறக்க முடியாத ஜன்னல்

இங்கேதான் மணலியின் உண்மையான சிக்கல் இருக்கிறது.

சென்னை போன்ற புழுக்கமான ஊரில், தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய ஜன்னலும் கதவும் இருக்க வேண்டும் என்று 2018-ம் ஆண்டு வீட்டு விதி கூறியது. நல்ல விதி. காற்று வந்தால் புழுக்கம் போகும், ஏ.சி. தேவை குறையும்.

ஆனால் மணலி புதுநகரில் ஜன்னலைத் திறந்தால் என்ன வருகிறது? கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி வருகிறது. காற்று திசை மாறினால் ஆலை நெடி வருகிறது. மாலையில் கொசு வருகிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். புழுக்கம் தாங்காமல் கடனுக்காவது ஏ.சி. வாங்குகிறார்கள். மின்கட்டணம் ஏறுகிறது. கரி இன்னும் எரிகிறது. சாம்பல் இன்னும் சேருகிறது. மறுபடியும் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது!

கண்ணாடி மாளிகையில் இருப்பவர் அழகுக்காக ஜன்னலை மூடுகிறார். மணலிக்காரர் அழுக்குக்குப் பயந்து மூடுகிறார். இருவரும் ஏ.சி. போடுகிறார்கள். ஆனால் சாம்பல் மட்டும் ஒருவர் பக்கத்தில்தான் விழுகிறது.

புதுக் கண்ணாடி நல்ல கண்டுபிடிப்பு. அது எங்கே முதலில் போக வேண்டும்? மின்சாரத்தை அதிகமாகக் குடிக்கும் பெரிய கட்டிடங்களுக்குத்தான். அங்கே சட்டத்தைக் கண்டிப்பாக அமல் நடத்தினால், வடக்கே எரியும் கரி கொஞ்சமாவது குறையும். அதோடு லாரிப் புழுதியையும் ஆலை நெடியையும் கட்டுப்படுத்த வேண்டும். அப்போதுதான் திறக்கிற ஜன்னலுக்கு அர்த்தம் உண்டு.

வெளிச்சத்தை விட்டு வெப்பத்தைத் தடுக்க விஞ்ஞானம் வழி கண்டுபிடித்து விட்டது. காற்றை விட்டுக் கரித்தூளைத் தடுக்கும் ஜன்னல் கடையில் கிடைக்காது. அதை அரசாங்கமும் ஆலைகளும்தான் செய்து கொடுக்க வேண்டும்!